அடுத்த ட்ராமுக்கு நிற்பவர்கள்

பெரியப்பா,

இன்று காலை அம்மா கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது என் பாவாடைப் பையை வெளியே இழுத்துத் தட்டினார். கச்சான் கடலைத் தோல் உதிர்ந்தது. வறுத்த கச்சானின் உப்பும் புகையும் கலந்த வாசம் ஒரு கிழமைக்குப் பிறகும் அதில் இருந்தது. அம்மா அந்தத் தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசாததால்தான் இதை எழுதுகிறேன்.

அது தியேட்டரில் தின்ற கச்சான். நீங்கள் காலமாகி இன்னும் ஆண்டு திரும்பவில்லை. ஆண்டுத் துவசம் முடியும் வரைக்கும் இந்த வளவில் யாரும் கலியாண வீட்டுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ, படம் பார்க்கவோ போகக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து பந்தலைப் பிரித்தபோது அம்மா என்னைக் கூப்பிட்டு இதை ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். உங்கள் டிவியின் மேல் பெரியம்மா விரித்த வெள்ளைத் துணி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் தூசி படிந்தால் துணியோடு சேர்த்துத் தட்டிவிட்டு மறுபடி விரிக்கிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நான் பொய் சொல்லிவிட்டுப் படம் பார்க்கப் போனேன். எந்தப் படம் என்று தெரிந்தால் நீங்கள் சிரிப்பீர்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் படம்தான், பெரியப்பா. அந்த ட்ராம் படம்.

பெயர் எழுதத் தேவையில்லை. நம் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொன்னதில்லை. "பெரியப்பாட படம்" என்றால் போதும். நீங்கள் வான் ஓட்டிய தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஊருக்குத் திரும்பும்போது உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு வெள்ளை வெளிநாட்டுப் படம். டிவிடித் தட்டில் கீறல் விழுந்ததும் பென்ட்ரைவில் ஏற்றி வைத்துக்கொண்டீர்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அப்பா கட்டாரில் இருந்தார். அம்மாவுக்கு வீட்டு வேலை. வளவின் முன்பக்கம் உங்கள் வீடு, பின்பக்கம் எங்கள் வீடு. மழை நாளில் நான் எங்கே இருப்பேன் என்று யாரும் தேடியதில்லை.

அந்தப் படத்தை நான் அதன் சொந்த மொழியில் கேட்டதே இல்லை. நீங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாருக்கும் நீங்களே பேசுவீர்கள். யுத்தம் நடக்கும் ஒரு நகரம். அங்கே ட்ராமில் டிக்கற் கொடுக்கும் ஒரு பெண். "ட்ராம் எண்டா என்ன பெரியப்பா?" என்று நான் கேட்டதற்கு, "தண்டவாளத்துல ஓடுற பஸ், மனே. ஓவர்டேக் பண்ண ஏலா. அதால டிரைவருக்கு நிம்மதி" என்றீர்கள். சில நாள் லீவில் வந்த ஒரு சிப்பாய் அந்த ட்ராமில் ஏறுவான். உங்கள் குரல் உடனே மெல்லியதாக, வெட்கப்பட்ட குரலாக மாறிவிடும்.

"எங்க போகணும்?"

"கடைசி ஹோல்ற்றுக்கு."

"கடைசி ஹோல்ற்றுல என்ன இரிக்கு? வெறும் பத்தைக்காடு."

"இரிக்கட்டும். திரும்பி வாறத்துக்கு உங்களிட்ட இன்னொரு டிக்கற் எடுக்கலாமே."

மாலை முழுவதும் அவன் அந்த ட்ராமில் போவான், வருவான், போவான், வருவான். பெரிய மீசை வைத்த தளபதி மேசையில் அடித்துக் கத்தும்போது நீங்கள் கத்துவீர்கள்: "அங்க வட்டையில தண்ணி வத்துது, நீங்க இஞ்ச இருந்து காட்ஸ் விளையாடுறீங்களா?" அந்த யுத்தத்துக்குக் காரணம் யாரோ வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் விடாததுதான் என்று நான் பல வருடம் நம்பியிருந்தேன். உன்னிச்சைக் குளத்தடியிலிருந்து மாப்பிள்ளையாக வந்த ஆள் வேறு எந்தச் சண்டையைச் சொல்லுவார் என்று அம்மா பிறகு சிரித்தார்.

பிறகு சிப்பாய் யுத்தத்துக்குப் போவான். நகரத்தில் குண்டு விழும். அவள் ட்ராமை விடமாட்டாள். கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், யாரோ ஒருவன் ஏறுவான். அவள் நிமிர்ந்து பார்க்காமல் "எங்க போகணும்?" என்பாள். "கடைசி ஹோல்ற்றுக்கு" என்று பதில் வரும். அந்த இடத்தில் உங்கள் குரல் ஒவ்வொரு முறையும் உடையும். உடைந்ததை மறைக்க இருமுவீர்கள். "திரும்பி வாற படம் மனே இது" என்பீர்கள். "திரும்பி வாற படம்தான் படம். மத்ததெல்லாம் ஆர் பாக்கிற?"

அந்தக் கடைசிக் காட்சிக்கு முன்னால் ஒரு வழக்கம் இருந்தது. ரயில் ஒன்று புகையோடு வந்து நிற்கும். புகை திரையை மூடும். உடனே நீங்கள் என் தோளில் தட்டுவீர்கள். "மனே, ஓடிப்போய் பெரியம்மாட்ட ஒரு தேத்தண்ணி கேள். இஞ்சி தட்டிப் போடச் சொல்லு. ஊத்தி முடியுமட்டும் கூட நில்லு." நான் ஓடுவேன். பெரியம்மாவின் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. நான் கோப்பையோடு திரும்பி வரும்போது அவள் ட்ராமில் நிற்பாள், சிப்பாய் ஏறிக்கொண்டிருப்பான். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்டும் நடக்கல்ல. சனம் ரயிலால இறங்கினது" என்பீர்கள்.

நான் கொஞ்சம் வளர்ந்த பிறகு அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். என் வகுப்பு நிரோஷாவிடம் சொன்னபோது அவளும் அதைத்தான் சொன்னாள்: "கட்டாயம் கிஸ் சீன்தான் கா. எங்கட பப்பாவும் அப்படித்தான், உடனே ரிமோட்டத் தேடுவாரு."

செங்கலடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்தச் சுவரொட்டியைக் கண்டேன். பழைய உலகப் படங்களைப் புதுப்பித்து, பட்டணத்துத் தியேட்டரில் ஒரு கிழமைக்குக் காலைக் காட்சியாகப் போடுகிறார்கள் என்றிருந்தது. ட்ராமின் கதவில் கை வைத்தபடி அவள் நின்றாள். பசை இன்னும் காயவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் போகமுடியாது என்பதுதான் நேர்மையான பதில்.

போவதற்கு எனக்கு நானே நிறைய நியாயம் சொன்னேன். உங்கள் எட்டாம் நாள் படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். பொரித்த கோல்டன் மீன்... அதைப் படையலில் வைக்கலாமா என்று பெரியவர்கள் வாதாடினார்கள், பெரியம்மா கேட்காமல் வைத்தார். பிட்டு, பயற்றம் பணியாரம், வெற்றிலை, ஒரு கட்டு பீடி. உங்கள் படத்தை மட்டும் யாரும் படைக்கவில்லை. நான் போய்ப் பார்த்தால் அதுவும் ஒரு படையல்தானே என்று யோசித்தேன். புத்தகம் வாசிக்கிற பிள்ளைக்கு நியாயம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை என்று அம்மா அடிக்கடி சொல்வார். அது சரி. உண்மை என்னவென்றால், நான் விடுபட்ட அந்தக் காட்சியைப் பார்க்க ஆசைப்பட்டேன். கிஸ் சீனைப் பார்க்க ஆசைப்பட்டேன், பெரியப்பா. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

சனிக்கிழமை விசேட வகுப்பு என்று சொன்னேன். அன்று அம்மாவுக்குக் கைநிறைய வேலை. பெரியம்மாதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். நிறமில்லாத சேலையும் வெறும் நெற்றியுமாக என் பின்னால் நின்று, "விளங்காட்டி ரீச்சரிட்ட எழும்பிக் கேள், வெக்கப்படாத" என்றார். நான் "ஓம் பெரியம்மா" என்றேன். அந்த "ஓம்" இன்னும் என் வாயில் கசக்கிறது.

தியேட்டரில் பாதிக்கு மேல் ஆள் இல்லை. வந்தாறுமூலைக் கம்பஸ் மாணவர்கள் ஒரு கூட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் போலச் சிலர், முன் வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்த ஒரு வயதான சோடி. மேலே விசிறிகள் கடகடத்தன. என்னோடு வந்த நிரோஷா கடதாசிக் கச்சான் சரையை என் மடியில் வைத்தாள். விளக்கு அணைந்தது. நம் டிவியில் தீப்பெட்டி அளவு தெரிந்த அந்த ட்ராம் ஒரு வீடளவு பெரிதாக என்னை நோக்கி வந்தது. அதன் மணிச் சத்தத்தை நான் அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டேன். நீங்கள் எப்போதும் "டிங் டிங்" என்று வாயால்தான் அடித்தீர்கள்.

அவர்கள் பேசத் தொடங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குரல்கள் யாருடையவோ. கீழே இங்கிலீசில் எழுத்து ஓடியது, நான் வேகமாக வாசித்தேன். நீங்கள் சொன்ன எதுவும் அதில் இல்லை, பெரியப்பா! சிப்பாய் "கடைசி வரைக்கும்" என்று மட்டும்தான் சொன்னான். திரும்பி வர இன்னொரு டிக்கற் என்பது படத்திலேயே கிடையாது. தளபதி வயலைப் பற்றி மூச்சும் விடவில்லை. என்னையறியாமல் நான் உங்கள் வசனத்தை முணுமுணுக்கத் தொடங்கியிருக்கிறேன். "வெறும் பத்தைக்காடு" என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது:

"தங்கச்சி, அவங்க நல்லாத்தான் பேசுறாங்க. நீங்க களைக்கத் தேவல்ல."

கம்பஸ் கூட்டம் சிரித்தது. நிரோஷா குனிந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். உங்களை மறந்து சிரித்தேன் என்று எழுத வந்தேன், அது சரியில்லை. நீங்கள் பக்கத்துக் கதிரையில் இருப்பது போலத்தான் இருந்தது. நீங்கள் செத்துப்போனதைத்தான் மறந்துபோனேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக. வீட்டில் பெரியம்மா அதை ஒரு நேரமும் மறக்காமல் இருந்த அதே காலையில்.

பிறகு ரயில் வந்தது. புகை திரையை மூடியது. என் தோளை யாரும் தட்டவில்லை.

புகை கலைந்தபோது முத்தம் இல்லை. ஒரு நீளமான கம்பி வேலி. அதற்கு இந்தப் பக்கம் பெண்கள். கிழவிகள், பிள்ளையைத் தூக்கியவர்கள், என் வயதுப் பெண்கள். ஒவ்வொருத்தியும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு புகைப்படத்தைப் பிடித்திருந்தாள். ரயிலிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு சிப்பாயிடமும் அந்தப் படத்தை நீட்டினார்கள். சிப்பாய்கள் பார்க்காமல் நடந்தார்கள். ஒருத்தி தன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நீட்டினாள், தூசியால்தான் அவன் முகம் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது போல. நம்முடைய ட்ராம் பெண்ணும் அங்கே நின்றாள். அவளிடம் படம்கூட இல்லை. காட்சி முடியவே இல்லை. உங்கள் தேத்தண்ணி ஊற்றி முடியும் அளவுக்கு நீளமான காட்சி.

அதற்குப் பிறகு கடைசிக் காட்சி. அவன் திரும்பி வந்தான், அவள் நிமிர்ந்தாள், ட்ராம் நகர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் யன்னலில் அந்த வேலி மெதுவாகக் கடந்து போனது. அந்தப் பெண்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள். அவர்களை நான் முன்பும் நூறு தரம் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் சின்ன வயதில் டிவியைத் தொட்டுக் காட்டி, "இவங்க ஆரு பெரியப்பா?" என்று கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னீர்கள்: "அவங்க அடுத்த ட்ராமுக்கு நிக்கிறாங்க, மனே."

"ஏன் கா அழுறாய்?" என்று நிரோஷா கேட்டாள். "அவன்தான் வந்திட்டானே."

அவளுக்கு நம் வீட்டுச் சங்கதி தெரியாது. நம் வீட்டிலேயே யாரும் பேசாத சங்கதி. மாமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: பெரியம்மாவுக்குத் தம்பி, அம்மாவுக்கு அண்ணன், நான் பிறக்க முதலே ஒரு நாள் வீதியில் வைத்துக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வராதவர். கூடத்துச் சுவரில் அவருடைய படம் இருக்கிறது. இப்போது அதற்குப் பக்கத்தில் உங்கள் படம். உங்கள் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, விளக்கேற்றுகிறோம். மாமாவின் படத்துக்கு ஒருநாளும் மாலை போட்டதில்லை. அவர் செத்ததாக யாரும் சொல்லவில்லையே.

பஸ்ஸில் திரும்பும்போது வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன். பெரியம்மாவும் அப்படி ஒரு வேலியடியில் நின்றிருப்பார். நீங்கள் என்னை ஏன் குசினிக்கு அனுப்பினீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. நான் எதையும் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக அல்ல. நான் குசினியில் நின்றால் பெரியம்மா கூடத்துக்கு வரமாட்டார். அவர் அந்தப் பெண்களைக் காணக்கூடாது. நீங்கள் அத்தனை வருடம் மூடி வைத்த கதவை நான் முத்தம் பார்க்கும் ஆசையில் திறந்துவிட்டேன்.

இரண்டு நாள் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கூப்பிட்டால் படிக்கிறேன் என்றேன். புத்தகத்தின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். திங்கட்கிழமை பின்னேரம் அவர் முற்றத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே இருந்து ஒரு கொப்பை எடுத்துக்கொண்டேன்.

"பெரியம்மா, சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகல்ல."

"தெரியும். வகுப்புக்குப் போற புள்ள ரெண்டு தரம் கண்ணாடி பாக்காது."

"படம் பாக்கப் போனன்."

அவர் கை நிற்கவில்லை. "என்ன படம்?"

"பெரியப்பாட படம்."

அப்போது நின்றது. நான் ஏச்சுக்குத் தயாராகக் குனிந்தேன். அவர் கேட்டார்: "முழுசாப் போட்டாங்களா?"

"ஓம்."

"வேலியடியில பொம்புளையள் நிக்கிற இடமும்?"

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "நீங்க பாத்திருக்கீங்களா?"

"குசினி யன்னலுக்கு நேரதானே டிவி. நீ அடுப்பப் பாத்துட்டு நிப்பாய், நான் அங்க பாத்துட்டு நிப்பன்." பெரியம்மா லேசாகச் சிரித்தார். "அந்த இடம் வந்தா அந்த மனிசன் சாறன் தலைப்பால முகத்தப் பொத்திட்டு அழும். நான் கண்டுட்டன் எண்டா அவருக்கு வெக்கம். அதுக்காகத்தான் தண்ணி கொதிச்சாலும் கொதிக்கல்ல எண்டு உன்னையும் பிடிச்சு வெச்சிட்டு நிண்டன்."

பெரியப்பா, நீங்கள் அவருக்கு மறைத்தீர்கள், அவர் உங்களுக்கு மறைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கோப்பையோடு ஓடியது நான்.

அந்நேரம் அம்மா பின்னால் வந்து நின்றதை நாங்கள் காணவில்லை. "தியேட்டருக்கா போனாய்?" என்றார். "ஒரு ஆண்டு பொறுக்க ஏலாதா உனக்கு? உன்னத் தோளில தூக்கித் திரிஞ்ச மனிசனுக்கு இதா நீ செய்யிற மரியாத?"

"புள்ளைய விடு கா," என்றார் பெரியம்மா. "அவரு இருந்தா அவரே கூட்டிட்டுப் போயிருப்பாரு." பிறகு என்னிடம், "எந்த மட்டும் போடுறாங்க?"

"வெள்ளி வரைக்கும்."

அம்மா பதறிப்போனார். "அக்கா, ஆண்டு முடியல்ல. சனம் என்ன சொல்லும்?"

"நான் போறன் எண்டு சொன்னனா?" பெரியம்மா கீரைச் சுளகைத் தட்டினார். "சும்மா கேட்டன்."

அவர் சும்மா கேட்கவில்லை. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நான் பொய் சொன்னால் போகலாம். போய் வந்து ஏச்சு வாங்கினால் முடிந்தது. பெரியம்மா போனால் அது முடியவே முடியாது. அந்தப் படத்தின் மேல் எல்லாரையும் விட உரிமை உள்ளவர் அவர், பார்த்தவள் நான். இதற்குத்தான் என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"சரி, சொல்லு" என்றார் பெரியம்மா. "இருந்து முழுக்கச் சொல்லு. யன்னலால பாத்ததுல எனக்கு அந்த ஒரு துண்டும் கடைசியும்தான் தெரியும்."

நான் சொன்னேன். உங்கள் வசனத்தோடுதான் சொன்னேன். பத்தைக்காடு, இன்னொரு டிக்கற், வட்டையில் வற்றும் தண்ணீர். பெரியம்மா உங்கள் மனைவி அல்லவா, எந்தச் சிரிப்பு எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்து சிரித்தார். அம்மாவும் விளக்குமாற்றை வைத்துவிட்டுப் படியில் இருந்தார். ரயில் வந்தது. புகை வந்தது. அங்கே நான் நின்றுவிட்டேன். அந்த இடத்துக்கு நீங்கள் எனக்கு வசனம் தந்து போகவில்லையே.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்றார் பெரியம்மா. "எனக்கு அங்கயிருந்து கேக்காது."

"'இவரக் கண்டீங்களா?' எண்டு கேக்கிறாங்க. அவ்வளவுதான் எழுதியிருந்தது."

பெரியம்மா தலையை ஆட்டினார். "அப்படிக் கேட்டா ஆர் நிப்பான்? முதல்ல ஊரச் சொல்லணும். பேரச் சொன்னா அந்தப் பேர்ல ஆயிரம் பேர்." அவர் கை தானாக நெஞ்சுக்கு முன்னால் வந்தது, ஒரு படத்தைப் பிடித்திருப்பது போல. குரல் மாறியது. நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு இளம் பெண்ணின் குரல், அவசரமாக, மரியாதையாக. "ஐயா, செங்கலடிப் பொடியன் ஐயா. இடது புருவத்துல வெட்டுக் காயம் இரிக்கு. நீலச் சாறன் உடுத்திருந்தான். என்ட தம்பி ஐயா." பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்: "எத்தின காம்ப் கேற்றடிக்கு அந்த மனிசன் என்னச் சைக்கிள்ள ஏத்திட்டுப் போயிருப்பாரு. ஆம்புளையள் கிட்ட வந்தா உள்ள எடுத்திருவாங்க. அதால ரோட்டுக்கு அங்கால மரத்தடியில சைக்கிளப் பிடிச்சிட்டு நிப்பாரு. நான் என்ன கேக்கிறன் எண்டு அவருக்குக் கேக்காது. நான் திரும்பி வந்தா முகத்தப் பாப்பாரு. ஒண்டும் கேக்க மாட்டாரு."

"நீலமில்ல அக்கா," என்றார் அம்மா.

பெரியம்மா திரும்பினார்.

"பச்சைக் கோடு போட்டது. நீலச் சாறன் அண்டைக்குக் கொடியில ஈரமாக் கிடந்தது. நான்தானே தோய்ச்சுப் போட்டன். அத்தான் தன்ட சாறன எடுத்து, 'இத உடுத்திட்டுப் போடா' எண்டு குடுத்தாரு."

"உனக்கு அப்ப என்ன வயசு?"

"சின்னப் புள்ளதான். கண் தெரியும்தானே அக்கா."

"அப்ப ஏன் நீ எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேற்றடியில என்ன சொல்றீங்க எண்டு எனக்கு எப்படித் தெரியும்?" அம்மா அழத் தொடங்கிவிட்டார். "அண்ணனப் பத்தி வீட்டில ஆராவது வாய் திறந்தீங்களா?"

பெரியம்மா மிகவும் மெதுவாகச் சொன்னார்: "எல்லாக் கேற்றடியிலயும் நான் நீலம் எண்டுதான் சொன்னன்."

நான் கதையை முடிக்கவில்லை. அவன் திரும்பி வருவதை அந்த முற்றத்தில் எப்படிச் சொல்லுவது?

மறுநாள் காலையில் பெரியம்மா உங்கள் பெட்டியைத் திறந்து சாறன்களை எடுத்து ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். எல்லாம் பிந்திய காலத்துச் சாறன்கள். எதிலும் ஒன்றும் தெரியவில்லை. அம்மா பச்சைக் கோடு என்கிறார். பெரியம்மா ஒரு நேரம் நீலம்தான் என்கிறார், ஒரு நேரம் பேசாமல் இருக்கிறார். யாருடைய சாறன் என்றால் உங்களுடையது. கொடுத்தது உங்கள் கை. என்ன நிறம் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். யாரும் உங்களிடம் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. எல்லாரும் மற்றவர் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து இருந்துவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமையோடு படத்தை எடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு என்னோடு கோபமில்லை. முந்தியை விட அன்பாக இருக்கிறார். அது எனக்கு ஏச்சை விடப் பாரமாக இருக்கிறது. நான் போகாமல் இருந்திருந்தால் அவருக்கு இன்றைக்கும் அந்தச் சாறன் நீலமாகவே இருந்திருக்கும். கேட்கவேண்டியபடி கேட்டேன் என்ற ஒரு ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். வாசித்த புத்தகங்களில் உண்மை தெரிவது நல்லது என்றுதான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று அந்தி பட்டபோது விளக்கு வைத்துவிட்டு அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். கூடத்துச் சுவரைப் பார்த்தபடி கேட்டார்: "மனே, பச்சை எண்டு சொல்லியிருந்தா, ஆராவது கண்டன் எண்டு சொல்லியிருப்பாங்களா?"

எனக்கு எதுவும் தெரியாது, பெரியப்பா. அந்தக் கேற்றடியில் நின்றவர்கள் யார், அவர்கள் கேட்டார்களா, நிறத்தைப் பார்த்தார்களா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொஞ்சமும் யோசிக்காமல் என் வாய் திறந்தது.

"ஆரு பெரியம்மா சாறனப் பாக்கிற? எல்லாரும் முகத்ததான் பாப்பாங்க. நீங்க புருவத்துக் காயத்தச் சொன்னீங்கதானே."

"ஓம்," என்றார் அவர். "அது சொன்னன். ஒரு இடத்திலயும் விடல்ல." அவர் தோள் சற்றுத் தளர்ந்தது.

நான் சொன்னது சரியா என்று தெரியவில்லை. சொல்லும்போது என் குரல் உங்கள் குரலைப் போல இருந்தது. அதன் பிறகு எனக்கு இருமல் வந்தது.